உள்ளே இருக்கும் 28 பேர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் பல உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கப்பலேறிப் போனவர்களின் வீடுகளை ஊரார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தோசீனப் போருக்குப் போய் உயிரோடு திரும்பிய பெரியவர் ஒருவரை நாம் அறிந்திருந்தோம். அவர் புறப்பட்டபோது இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. திரும்பியபோது 1954 நவம்பர் 1 கடந்துபோயிருந்தது. முதுமையில் அவர் நெட்டியால் ஒரு விமானம் செய்தார்.

அது டக்கோட்டா. அந்தப் போரில் ஆட்களையும் தளவாடங்களையும் சுமந்த விமானம். அசலில் இறக்கையின் அகலம் 29 மீட்டர். பெரியவர் 72-இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, 40 சென்டிமீட்டரில் இறக்கை செய்தார். நெட்டி பொல்லாதது, கத்தி மழுங்கினால் அறுபடாமல் பிய்ந்துவிடும். டக்கோட்டாவுக்குப் பின்சக்கரம் வாலுக்கடியில் இருக்கும். அதனால் தரையில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். ஏறியவர்கள் மேடு ஏறுவதுபோல் நடந்துதான் முன்னே போகவேண்டும். பேரன், “தாத்தா, கோணலா நிக்குது” என்று வாலுக்கடியில் அட்டையைச் செருகினான். பெரியவர் உருவிப் போட்டுவிட்டார். “நாங்க ஏறினப்ப இப்படித்தாண்டா நின்னுச்சி.”

உள்ளே இரண்டு பக்கமும் நீள இருக்கை வைத்தார். அதில் விரல்நகம் அளவுள்ள நெட்டி மனிதர்களை உட்கார வைத்தார். 28 பேர். டக்கோட்டாவில் அத்தனை வீரர்கள் ஏறலாம். பிறகு மேற்கூரையைப் பசைபோட்டு ஒட்டிவிட்டார். இனி எவர் கண்ணுக்கும் அவர்கள் தெரியமாட்டார்கள்.

மார்சேய் துறைமுகத்தில் குன்றின்மேல் ஒரு மாதா பேராலயம் இருக்கிறது. 1864-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன, விமானங்களும் தொங்குகின்றன. பிழைத்துவந்தவர்களின் நேர்ச்சை அவை. நம் வேளாங்கண்ணியில் வெள்ளிப் படகு காணிக்கை வைப்பதுபோலத்தான். பெரியவரின் விமானத்தையும் நாம் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் பிழைத்ததற்கு நன்றி சொல்ல ஒரு ஆள் போதுமே, 28 பேர் எதற்கு?

கல்லறைத் திருநாளுக்கு அவர் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தாய் தகப்பன் பெயருக்குக் கீழே அந்நியப் பெயர்கள். சிலருக்குப் பெயரே இல்லை. ‘காரைக்கால் பையன்’, ‘மவுத் ஆர்கன் வாசிப்பவன்’ என்று எழுதியிருக்கும். ஒருவர் மொரோக்கோ நாட்டு முஸ்லிம். அவரும் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் இருப்பார். அவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்களோ, யார் செபிக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்?

யோசுவா நூலின் 4-ஆம் அதிகாரத்தில், யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்து வைக்கிறார்கள். பிள்ளைகள் ஒருநாள் ‘இது என்ன?’ என்று கேட்கவேண்டும், பெரியவர்கள் சொல்லவேண்டும் என்பதற்காக. கல்லை வைப்பது சுலபம். கேட்டபோது வாய்திறந்து சொல்வதுதான் கடினம். போருக்குப் போனவர்கள் பலர் வீட்டில் பேசியதே இல்லை. பிள்ளைச்சாவடியிலும் அப்படித்தான். கடல் அரித்து வீடுகளை விழுங்கிய கரை இது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறோம்? ஃபைபர் படகை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தாத்தா போன கட்டுமரத்தில் எத்தனை கட்டைகள், யார் யார் கூடப் போனார்கள் என்று தெரியுமா? இந்த விடுமுறையில் ஒரு சின்னக் கட்டுமரம் கட்டச் சொல்லுங்கள். கேள்வி தானாக வரும்.

கல்லறைத் திருநாளுக்கான பெயர்களை அவரவர் பங்கு அலுவலகத்தில் இப்போதே பெற்றுக்கொள்கிறார்கள். குடும்பத்தாரோடு நிறுத்திவிடாதீர்கள். கூடப் படகேறியவர், கூட வேலை செய்தவர், உடல் கிடைக்காமலே போனவர், எல்லாரையும் எழுதுங்கள். முழுப்பெயர் நினைவில்லையென்றால், கூப்பிட்ட பெயரை எழுதுங்கள், அப்படியே வாசிப்பார்கள்.