காமதேனுவுக்குக் கண் எழுதுதல்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்பது செயலாளரின் உத்தரவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் 32 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பெயிண்ட்தான் அடிக்கிறேன். யாளிக்கும் கண்டபேருண்டத்துக்கும்! எல்லாம் விரல் நீளப் பொம்மைகள். "இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

யாளிக்குச் சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. காமதேனுவுக்குப் பசு உடம்பு, பெண் முகம், இறக்கை, மயில் தோகை. கண்டபேருண்டம் இரட்டைத் தலைப் பறவை. உலகத்தில் இல்லாத பிராணிகள்தான், ஆனால் நமக்கு ரொம்ப வேண்டியவர்கள். பூவிருந்தவல்லியில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனால், வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் யாளிகளைப் பார்க்கலாம். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் அந்தப் பெருமாளுக்குத்தான் பூ கொண்டு போனார். நான் ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போவேன்.

இந்தப் பழக்கம் ஒரு தப்பில்தான் ஆரம்பித்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். கல்யாணமாகி வரும்போது கொலுவுக்கென்று ஒரு மண் காமதேனு கொண்டுவந்தாள். வருஷா வருஷம் மூன்றாம் படியில்தான் அதற்கு இடம். 1987 புரட்டாசியில் பெட்டியைத் திறந்தால், வண்ணமெல்லாம் மங்கி, தோகையில் புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தது. எனக்குத்தான் பெயிண்ட் தெரியுமே! அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் தின்னர் தொட்டுத் துடைத்து, கார் பெயிண்ட் மாதிரி பளபளவென்று எனாமல் அடித்து வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. நம்ம காமதேனு எங்கேடா?" என்றாள்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வருஷமும் மூன்றாம் படியில்தான் வைத்தாள். ஆனால் எதிரில் உட்கார்ந்து பாடும்போது அவள் பார்வை அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்து மண்பொம்மையில் மண்ணுக்கு மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு, அதற்கு மேல் தண்ணீரில் கரைத்த வண்ணம். நான் துடைத்தபோது வண்ணம், சுண்ணம் இரண்டுமே போய்விட்டன. முகத்தை எழுதிய கை யாருடையதோ, அதுவும் போயிற்று. மிச்சமிருந்த சுண்ணத்தில் எனாமல் பிடிக்காமல், அடுத்த வருஷமே தோல் உரிகிற மாதிரி உரிய ஆரம்பித்தது. கொசப்பேட்டையில் ஒரு பொம்மைக்காரரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் எழுதிடலாம் சார். அது என் முகமாத்தான் இருக்கும். அப்படியே விட்டுடுங்க. வேணும்னா புதுசா ஒண்ணு எழுதிப் பழகுங்க" என்று வண்ணம் பூசாத சின்ன யாளி ஒன்றைக் கையில் கொடுத்தார். அதுதான் முதல் பொம்மை.

தம்பிகளுக்குக் கொஞ்சம் தொழில் சொல்கிறேன். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வண்ணம் போதும். பால் பதத்துக்கு நீர்க்க வைத்து இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் பல்லும் நகமும் மூடிப்போகும். ரொம்பச் சின்ன பிரஷ் வாங்கி ஏமாறாதீர்கள். நுனிக்கு வருவதற்குள் வண்ணம் காய்ந்துவிடும். ஒண்ணாம் நம்பர், ஆனால் நுனி ஊசியாக இருக்க வேண்டும். கண் கடைசியில்தான். முதலில் கரும்பழுப்பு, ஓரம் விட்டு உள்ளே வெள்ளை, பிறகு பாவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கை நடுங்காமல் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்க எழுதுவது, நம் கணக்கு வாத்தியாரிடம் வைவா கொடுப்பதைவிடக் கஷ்டம்.

பொம்மை நிற்க இடம் வேண்டாமா? இங்கிலாந்தில் இது பெரிய வியாபாரம். 1975-ல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனி டிராகன், பூதம் என்று குட்டிப் பொம்மைகளை உலகம் முழுக்க விற்கிறது. வாங்கியவர்களே வண்ணம் பூசி, காலடியில் மண்ணும் புல்லும் ஒட்டி ஒரு இடம் செய்கிறார்கள். அதற்கு 'பேஸிங்' என்று பெயர். என் மருமகன் இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னார். மாப்பிள்ளை, கொலுப் படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கப் போட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்துப் பார்க் கட்டினோமே, அது என்னவாம்?

நான் அந்தப் பார்க்கையே ஒரு பாட்டில் மூடி அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். டீ வடிகட்டியில் சலித்த மணல், செங்கல் பொடி, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீராக ஊற்றிப் பார்த்தேன். காய்ந்ததும் தெளிந்தது, ஐப்பசி மழையில் மறுபடி வெள்ளை பூத்துவிட்டது. இப்போது வார்னிஷைத்தான் மெல்லிசாகப் பல தடவை விடுகிறேன். அன்னப்பட்சி அம்பத்தூர் ஏரிக்கரையில் நிற்கிறது. யாளி ஒரு வயல் வரப்பில் படுத்திருக்கிறது. நாங்கள் சின்ன வயசில் ஓடிய வரப்பு, இன்று அங்கே வரிசையாக அடுக்குமாடி வீடுகள். கண்டபேருண்டம் அம்பத்தூர் பிளாட்பாரத்தில். ஒரு தலை ஆவடிப் பக்கம், ஒரு தலை வில்லிவாக்கம் பக்கம். எந்த ரயில் முதலில் வருமோ!

அம்மா 1994-ல் காலமானாள். அதற்கு முந்தைய கொலுவில் என் யாளியை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பார்த்து, "கண்ணு நல்லா வந்திருக்கு" என்று காமதேனுவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பொம்மைகள் சாப்பாட்டு ஹாலுக்கு வெளியே மேஜையில் இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. காமதேனுவை மட்டும் கொண்டுவரவில்லை. பாதி உரிந்த எனாமலோடு, அம்மாவின் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் இருக்கிறது. புரட்டாசியில் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். சுண்டலும் உண்டு.