கேழ்வரகுத் தவிட்டைக் கொட்டாதீர்
(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விளைந்த கேழ்வரகை விற்றுவிட்டு, மூன்று வேளையும் அரிசியே உண்ணும் குடும்பங்கள் இன்று பல. உடற்பருமனும் சர்க்கரை நோயும் கிராமத்திற்கும் வந்துவிட்டன.

கேழ்வரகின் பழுப்புத் தோலில் பீனால் பொருட்கள் செறிந்துள்ளன. இவை மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதியைத் தணிப்பதால் சர்க்கரை மெல்ல இரத்தத்தில் சேர்கிறது. தோலின் நார்ச்சத்து பசியைத் தாங்கும். மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டினால் இவற்றின் பெரும்பகுதி வீணாகும். வெள்ளைக் கேழ்வரகில் பீனால் குறைவு.

ஆனால் பீனால், இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். எனவே இரத்தசோகை உள்ளோர் தானியத்தை முளைகட்டி அரைத்து, நெல்லிக்காயும் சேர்த்து உண்பது நன்று.

களி மட்டும் உடலை இளைக்கச் செய்யாது. அளவும் உழைப்பும் வேண்டும். மருந்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்த அறுவடையில் ஒரு மூட்டையை வீட்டுக்கென ஒதுக்குங்கள்.