பிள்ளையின் தோளில் ஏற்றிய பாரம்

(சூலக்கரையில் கூடிய ஆதரவாளர் கூடுகையில் நம் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா தன் பேரனை நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன். முதுகும் தோளும் வலிக்கிறது என்றான். வராந்தாவில் காத்திருந்த அவனிடம் நான், "சுமந்து பழகு தம்பி, நாளைக்குக் குடும்பத்தையே சுமக்கணுமே" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன். அவன் பதில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே டாக்டரம்மா அவனை எடை பார்த்தார்கள்: 24 கிலோ. பையையும் தராசில் வைத்தார்கள்: ஆறரை கிலோ. பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, உங்கள் எடை 60 கிலோ. இதே கணக்குக்கு நீங்கள் தினமும் 16 கிலோவுக்கு மேல் முதுகில் தூக்க வேண்டும்" என்றார்கள். நான் வெட்கப்பட்டேன்.

பையைத் திறந்தோம். எல்லாப் பாடப் புத்தகங்களும், நோட்டுகளும், கைடும், டிபன் பாக்ஸும், ஒன்றரை லிட்டர் தண்ணீரும் இருந்தன. தண்ணீர் மட்டுமே ஒன்றரை கிலோ! "நோட்டு மறந்தா வெளியே நிக்க வைப்பாங்க" என்றான் பையன். பாட்டியம்மா சொன்னார்கள்: "நான் சின்ன வயசிலேயே தீப்பெட்டி ஒட்டப் போனவ. புத்தகம் கனமா இருந்தா படிப்பும் நிறைய இருக்கும்னு நெனச்சேன் ஐயா."

பிரியமானவர்களே, விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் பிள்ளைகள் வேலைக்குப் போன காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கூடப் பை நமக்கு விடுதலையின் அடையாளம். ஆகவேதான் அதன் பாரம் நம் கண்ணில் படுவதில்லை.

கண்டவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் தம் முதல் பேச்சையே பிள்ளைகளின் புத்தகச் சுமைக்காகப் பேசினார். 1993இல் யஷ்பால் குழு, பையின் பாரத்தைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய பாரம் என்று காட்டியது. நம் மாநிலத்தில் 2012இல் முப்பருவ முறை வந்து புத்தகங்கள் மூன்றாகப் பிரிந்தன. 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் பைச் சுமையைக் குறைக்கச் சொன்னது. 2020இல் மத்திய அரசின் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்றது. நம் பையனுக்கு அது 2.4 கிலோ.

பை சுமந்தால் நிரந்தரமாகக் கூன் விழுமா என்று தாய்மார் கேட்கிறார்கள். அப்படி நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பாரத்தைச் சமாளிக்கப் பிள்ளை முன்னால் குனிகிறது. கழுத்தும் தோளும் களைத்து வலிக்கின்றன. இரண்டு வாரையும் மாட்டவேண்டும்; கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்கவேண்டும்; பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. இன்னொன்று: இரவிலும் விடாத வலி, காய்ச்சல், எடை குறைதல், கால் பலவீனம் இருந்தால் பையின்மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். முதுகெலும்புக் காசநோயும் அப்படி வரலாம். உடனே அழைத்து வாருங்கள்.

பாட்டியம்மா வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தார்கள். அவர்களும் மனமிரங்கி, கால அட்டவணைப்படி கொண்டுவந்தால் போதும் என்றார்கள். சில வாரத்தில் வலி குறைந்தது. மருந்துச் செலவு ஏதுமில்லை.

ஆகவே உங்களிடம் நான் புதுப் பைகள் கேட்கவில்லை. உங்கள் சபையின் மாலை வகுப்பில் ஓர் அலமாரியும் ஒரு தராசும் வையுங்கள். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வைக்க ஓர் இடம் கிடைக்கும். பிறர் தோளில் பாரம் ஏற்றிவிட்டு விலகி நின்றவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்று வராந்தாவில் நின்றவன் நான். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சிரித்தான்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.