குளிர்காலத் தூக்கமும் மூளையின் காவலர்களும்



பாய்லர் பார்க்கிற இன்ஜினியருக்கு அணிலோட மூளையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கவனிக்காமல் நிறுத்தி வைத்த பாய்லர் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிறுத்தி வைத்ததைக் கெடாமல் காப்பது தனிக் கலை. அதில் அணில் நம்மை மிஞ்சிவிட்டது.

அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணில், ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள்ளேயே கிடக்கும். அதன் வயிற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதை 1989-இல் பிரையன் பார்ன்ஸ் எடுத்துக்காட்டினார்.

மூளையில் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்பு செல்கள் உண்டு. 1919-இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்தேகா இனங்கண்டவை. மெல்லிய கிளைகளை நீட்டி, கிருமி வந்ததா, நரம்பு அடிபட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ராத்திரி ரோந்து வரும் கூர்க்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சிரியன் ஹாம்ஸ்டரின் குளிர்காலத் தூக்கத்தில் இந்தக் கிளைகள் சுருங்கிக் குறைகின்றன. விழித்ததும் பழையபடி நீண்டுவிடுகின்றன.

இன்னொன்று. அல்சைமர் நோயாளியின் மூளையில் டௌ என்ற புரதத்தில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறிக் கிடக்கும். தூங்கும் தரை அணிலுக்கும் அப்படியே ஏறுகிறது, விழித்தால் இறங்கிவிடுகிறது. இது 2003-இல் வெளியான ஆய்வு. பெற்ற பிள்ளையின் முகமே மறந்துபோன பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, இந்த 'இறங்கிவிடுகிறது' எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும்.

இந்த அணில்கள் ஒரேயடியாகத் தூங்குவதும் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு நாளுக்குள் மறுபடி படுத்துவிடும். குளிர்காலத்தில் எரியும் கொழுப்பில் பெரும்பங்கு இந்த விழிப்புக்கே செலவு. ஏன் இந்த ஊதாரித்தனம்? தூங்கும் தரை அணிலுக்கு, காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரியாப் பொருளை ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து விழித்தபோதுதான் காய்ச்சல் வந்தது. காவலர்களுக்கு வேலை நேரம் கொடுக்கவே இந்த விழிப்பு என்று 2002-இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆலையில் பராமரிப்புக்காக ஷட்டவுன் என்றாலே கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும். அணில் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டது!

மாணவச் செல்வங்களே, மறதி நோய்க்கு வழி தேடும் வேலைக்கு உயிரியல் மட்டும் போதாது. வெப்பம் அளக்கிறவர், சென்சார் செய்கிறவர், கணக்குப் போடுகிறவர் எல்லோரும் வேண்டும். அதில் ஒரு கை நம் கல்லூரியிலிருந்தும் போகட்டும்.