ஓடை நீரும் கணினித் திரையும்

நாட்டின் மின்தொகுப்பு எட்டாதிருந்த காலத்திலேயே நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் பல, மலையோடையைக் குழாயில் இறக்கிச் சுழலியைச் சுற்றித் தொழிற்சாலையை இயக்கின. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் இம்மலையாறுகளின் வலுவை நாட்டுக்கு எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கலாயிற்று. தொகுப்பு மின்சாரம் வந்தபின் தோட்டச் சுழலிகள் பல கைவிடப்பட்டன. அவற்றுட் சில பின்னாளிற் புத்துயிர் பெற்றன.

இத்தகைய சிறு மின்நிலையத்துக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கொழுந்து உருட்டும் இயந்திரம் நின்றவுடன் சுமை குறைகின்றது. நீரின் வேகமோ குறைவதில்லை. சுழலி விரைந்தோடும், 50 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண் எல்லை மீறும். மிஞ்சிய மின்சாரத்தைக் கணப்பொழுதில் வெப்பச் சுருள்களுக்குத் திருப்பி, மொத்தச் சுமையை ஒரே அளவில் நிறுத்துவது இலத்திரனியல் சுமைக் கட்டுப்படுத்தியாகும். இவ்வாறு பெரிய மின்னோட்டத்தை விரைவான ஆளிகளால் அடக்கியாளுங் கலையே வலு இலத்திரனியல்.

இக்கலையைப் பயில்வோர் பிழை செய்தாற் பாகங்கள் கருகும். உயிருக்கும் ஊறு நேரலாம். ஆதலால் சுற்றை முதலிற் கணினியிற் கட்டிப் பார்ப்பது அறிவுடைமை. 1973இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்திலிருந்து, பேராசிரியர் டொனால்ட் பீடர்சனும் அவர் மாணவர் லாரன்ஸ் நேகலும் வெளிக்கொணர்ந்த ‘ஸ்பைஸ்’ என்னும் நிரல் இதற்குப் பெருவழி திறந்தது. காலத்தை நுண்ணிய படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் சுற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணித்தறிவதே அதன் முறை. அதன் வழித்தோன்றல் ‘என்ஜிஸ்பைஸ்’. அதனை உள்ளடக்கி, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஃபோசி’ திட்டத்தார் ‘ஈசிம்’ என்னும் மென்பொருளை அமைத்துள்ளனர்.

இவை விலையின்றிக் கிடைப்பவை. நிரலும் திறந்தே கிடக்கின்றது. லயன் அறையிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவி, கணினி ஒன்று வாய்க்குமாயின், நூறு ஆளிகளைத் திரையிற் கருகவிட்டுப் பாடங் கற்கலாம். ஒரு சதமும் நட்டமில்லை. விடை எவ்வாறு வந்ததென்று ஐயுற்றால், நிரலைத் திறந்து பார்க்கவும் அவளுக்கு உரிமையுண்டு.

ஆயினும் திரை காட்டுவது நாம் அதனிடம் கொடுத்த கணக்கின் விளைவையே. மலைப்பனியின் ஈரமும், குழாயை அடைக்குஞ் சருகும், தளர்ந்த திருகாணியும் அக்கணக்கில் தாமாக வாரா. அவற்றை அறிந்தவர் தோட்டத்துத் தொழிலாளரே. தாய்தந்தையர் கையால் அறிந்ததும் பிள்ளைகள் கணக்கால் அறிவதும் ஒன்றுசேருமாயின், கைவிடப்பட்ட ஓடைகள் மீண்டும் ஒளி தரும். அவ்வொளியை ஆளும் அறிவும் மலையகத்தாருக்கே உரியதாகும்.