சோதிடருக்குப் பட்டம், வருணத்துக்குப் பாடத்திட்டம்



சோதிடம் பொய் என்று நிரூபிக்க நான் இங்கே நிற்கவில்லை. இந்த அரங்கில் அது யாருக்கும் தேவைப்படாது. சோதிடருக்கு அரசு பட்டம் கொடுக்கலாமா என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்தப் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் பலரும் திறந்து பார்ப்பதில்லை.

2001 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ‘ஜோதிர் விஞ்ஞான்’ என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் துறை தொடங்கலாம், பட்டம் கொடுக்கலாம் என்றது. அப்போது வாஜ்பாய் ஆட்சி. கல்வித் துறையைக் கையில் வைத்திருந்தவர் முரளி மனோகர் ஜோஷி. உயிரியல் அறிஞர் பி.எம்.பார்கவா உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எதைக் கற்பிப்பது என்பதைக் கல்வி நிபுணர்கள் முடிவு செய்யட்டும், விரும்புகிறவர்கள்தானே படிக்கப் போகிறார்கள் என்பதே தீர்ப்பின் சாரம். 2021இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சோதிடத்தில் முதுகலைப் படிப்பையே தொடங்கியது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “தோழர், போலிச் சோதிடர்கள் மக்களை ஏமாற்றுகிறார்கள். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்தான் சோதிடம் பார்க்கலாம் என்று வைத்தால் நல்லதுதானே?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் முன் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். கால் ஊன்றினால் உரிமம் இல்லை. மருத்துவர் தவறாகச் சிகிச்சை செய்தால் வழக்குப் போடலாம். எது சரி, எது தவறு என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கும் தொழிலில்தான் சான்றிதழுக்குப் பொருள் உண்டு. சோதிடத் தேர்வில் எது தோல்வி? பழைய நூலில் இருப்பதை அப்படியே எழுதினால் மதிப்பெண். சொன்னது பலித்ததா என்று எந்தத் தேர்வாளரும் பார்ப்பதில்லை.

அப்படிப் பார்த்த தேர்வு ஒன்று நடந்தது. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரும், நரேந்திர தபோல்கரின் மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பும் சேர்ந்து நடத்தினார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பிள்ளைகள், ஆக 200 பேரின் ஜாதகங்களை எடுத்தார்கள். ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்களைக் கொடுத்து, யார் எந்தப் பிரிவு என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியாக 46 விழுக்காடுதான் சரி. 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு சோதிட நிறுவனம் 102 சரியாகச் சொன்னது. காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வருமே! பரிசோதனை கேட்ட தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, பலிக்காத ஒன்றைப் படித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? முடியாது. ஏனென்றால் அந்தப் பாடத்தில் சாதி இருக்கிறது.

பன்னிரண்டு ராசிகளையும் சோதிடம் நான்கு வருணங்களாகப் பிரிக்கிறது. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள். மேஷம், சிம்மம், தனுசு சத்திரிய ராசிகள். ரிஷபம், கன்னி, மகரம் வைசிய ராசிகள். மிதுனம், துலாம், கும்பம் சூத்திர ராசிகள். கோள்களும் தப்பவில்லை. வியாழனும் வெள்ளியும் பிராமணர்களாம், சனி சூத்திரனாம். நல்லதுக்கு குரு, கெடுதலுக்குச் சனி என்று பிரித்த கைதான் இந்த வருணத்தையும் ஒட்டியிருக்கிறது.

இது வெறும் பெயர் இல்லை. வட இந்தியாவில் திருமணத்துக்குப் பார்க்கும் 36 மதிப்பெண்ணில் வருணப் பொருத்தத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. பெண்ணின் வருணம் ஆணின் வருணத்தைவிட உயர்ந்திருக்கக் கூடாது என்பது விதி. “ராசியின் வருணம் வேறு, பிறந்த சாதி வேறு” என்று சோதிடர்கள் விளக்கம் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். பிறகு ஏன் அதே நான்கு பெயர்கள்? ஏன் அதே வரிசை? ஏன் பெண் கீழேதான் இருக்க வேண்டும் என்ற அதே மனுவின் விதி? நம் ஊரில் பெண் ராட்சச கணம் என்றாலே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் வீடுகள் இல்லையா? மூல நட்சத்திரத்தில் பிறந்ததற்காகவே கல்யாணம் தள்ளிப்போன பெண்கள் உங்கள் தெருவில் இல்லையா?

ஒரு தனி மனிதர் இதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்போம். பல்கலைக்கழகம் பாடமாக வைத்தால் அது பட்டம். பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கும் விதியை ஒரு மாணவர் சரியாக எழுதினால் அரசு அவருக்கு மதிப்பெண் போடுகிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. குடிமக்களுக்குக் கடமை, அரசுக்கு மட்டும் விடுமுறையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சான்றிதழ் வந்தால் யார் போலி ஆவார்கள்? கிளிக்கூண்டோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர், கைபார்த்துக் குறி சொல்லும் குறவர் வீட்டுப் பெண், தலைமுறைகளாகப் பஞ்சாங்கம் பார்த்த வள்ளுவர் வீட்டுப் பெரியவர். சமஸ்கிருத நூலை மேற்கோள் காட்டத் தெரிந்தவர் வல்லுநர் ஆகிவிடுவார். இரண்டு பேர் சொல்வதும் ஒரே அளவுக்குத்தான் பலிக்கும். ஆனால் ஒருவருக்குப் பட்டமளிப்பு விழா, இன்னொருவருக்குக் காவலரின் தடி. மரத்தடியில் இருப்பவரை விரட்டுவது நம் வேலை இல்லை. அவர் பிள்ளைக்குப் பள்ளியும் வேறு பிழைப்பும் கிடைக்கப் போராடுவதுதான் நம் வேலை.

தோழர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்தில் சோதிடப் படிப்பு இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் செலவுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வருணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் உங்களுக்குத் திருமணப் பேச்சு எடுத்தால் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள். எதிர்வீட்டாரிடமும் கேட்காதீர்கள். பட்டம் வாங்கிய சோதிடராக இருந்தாலும், பார்க்க ஜாதகமே வராவிட்டால் கடையை மூடித்தான் ஆக வேண்டும்.