நான்காவது பாடத்திற்குப் பணம் எங்கே?

(உபாத்தியாயர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இக்கூட்டத்தில் பேசும்படி நம்மைக் கூப்பிட்டவர்கள், நாம் ஏதோ பெரிய படிப்பாளி என்று எண்ணிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நாம் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வாசகசாலை மேஜையிலும் ரயில் வண்டியிலும் படித்ததுதான். அப்படிப்பட்ட நாம் உபாத்தியாயர்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை. உங்கள் கைக்கு வரவேண்டிய பணம் ஒன்று வராமல் இருக்கின்றது, அதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். பணம் என்றதும் பின்வரிசையிலிருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவது தெரிகின்றது. (சிரிப்பு) இது சம்பளப் பணமல்ல. அதற்கு உங்கள் சங்கமே போதும். நாம் சொல்லுவது வேறு பணம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோழியர், உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயினி, நம்மிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர் வகுப்பிலே ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி. கையிலே வளையல் உடைந்த காயம். கேட்டதற்கு, தன்னோடு பழகும் பையன் ஒருவன், தான் வேறொருவனோடு பேசியதற்காகக் கையை முறுக்கினான் என்றாளாம். அதோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டோம். "அவனுக்கு என்மேல் அவ்வளவு பிரியம், டீச்சர்" என்றாளாம். இந்தத் தோழியருக்கு என்ன பதில் சொல்லுவதென்று தெரியவில்லை. பெற்றோரிடம் சொன்னால் பெண்ணின் படிப்பை நிறுத்திக் கலியாணம் செய்து விடுவார்கள். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் பள்ளியின் பெயர் கெடும் என்பார். சொல்லாவிட்டால் சட்டம் என்ன சொல்லுமோ என்ற பயம். "20 வருஷம் பாடம் நடத்தினேன், அந்த ஐந்து நிமிஷத்திற்கு ஒரு வார்த்தையும் யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை" என்று சொல்லி அழுதார். தோழர்களே! அந்த அழுகைக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? அந்த அம்மையாரா? அவருக்கு ஐந்து நிமிஷத்தின் வித்தையைக் கற்றுக் கொடுக்காத சர்க்காரா?

அந்தப் பெண் பேசியது அவள் பேச்சல்ல. "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்று பாட்டி சொன்னதும், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அடுத்த வீட்டார் சொன்னதும், பெண்டாட்டியைத் தீயிலே இறக்கிப் பார்த்தவனைக் கடவுளென்று கதை கேட்டதும் சேர்ந்துதான் அவள் வாயிலே அப்படி வந்தது. அந்தப் பையனுக்கும் அதே பாட்டிதான், அதே கதைதான். அவன் பிறக்கும்போதே கையை முறுக்கும் புத்தியோடு பிறந்தவனல்ல.

இதன் பலன் என்ன என்பதற்கு நாம் வர்ணனை செய்ய வேண்டியதில்லை; சர்க்கார் கணக்கே இருக்கின்றது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள, கலியாணமான பெண்களில் 100-க்கு 29 பேர் புருஷனால் அடி உதையோ பலாத்காரமோ பட்டிருக்கிறார்கள். இது இந்தியா முழுமைக்கும். நம் தமிழ்நாட்டிலோ 100-க்கு 38 பேர். பெண் படிப்பிலே முன்னே நிற்கிறோம் என்று மார் தட்டுகிற நாம், பெண்ணை அடிப்பதிலும் சராசரிக்கு மேலேதான் நிற்கிறோம்! குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வந்தது, 2006-ல் அமுலுக்கு வந்தது. சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டம் அடி விழுந்த பிறகு வருகின்ற வைத்தியர். அடிக்கும் கை உருவாகிற இடத்திற்கு அது போவதில்லை.

இனி பணத்தைப் பாருங்கள். 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் நிர்பயா நிதி என்று 1,000 கோடி ரூபாய் வைத்தார்கள். பிறகு பாதுகாப்பான நகரம் என்ற திட்டம் வந்தது. சென்னை உட்பட 8 நகரங்களுக்குச் சுமார் 2,919 கோடி ரூபாய் மதிப்பு போட்டார்கள். காமிரா, விளக்கு, ரோந்து வண்டி எல்லாம் வந்தன. வரட்டும். இருட்டான தெருவில் விளக்கு வேண்டாமென்று எந்தப் பைத்தியக்காரன் சொல்லுவான்? ஆனால் நாம் இப்போது சொன்ன 38 பேரும் தெருவிலா அடி வாங்கினார்கள்? சமையலறையில், படுக்கையறையில், மாமியார் பார்த்துக் கொண்டிருக்கும்போது வாங்கினார்கள். அங்கே எந்தக் காமிரா நுழையும்? அதே 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா கமிட்டி கொடுத்த அறிக்கையில், கல்வியைப் பற்றியும் மனப்பான்மையைத் திருத்துவதைப் பற்றியும் தனி அத்தியாயமே இருக்கின்றது. கம்பத்திலே மாட்டுவதற்குப் பணம் கிடைக்கிற வேகத்தில் மண்டைக்குள்ளே ஏற்றுவதற்குப் பணம் கிடைப்பதில்லை. கம்பத்தைத் திறந்து வைத்தால் பத்திரிகையில் படம் வரும். ஒரு பையன் அடிக்காமல் இருந்ததை யார் படம் பிடிப்பது?

"இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் வருமா? வளர்ந்தால் தானே தெரியும்" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் நம்பிக்கையின் பேரில் பேசுகிறவர்களல்ல. சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று தேடினோம். இருக்கிறார்கள்.

கனடா தேசத்திலே 1989 டிசம்பர் 6-ந் தேதி, மான்ட்ரியால் நகரத்து இஞ்சினீயரிங் கல்லூரியில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து, ஆண்களைத் தனியே வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று 14 பெண்கள் செத்தார்கள். அந்தத் தேசத்தார் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1991-ல் ஆண்களே வெள்ளை நாடா அணிந்து, பெண்ணுக்கு எதிரான பலாத்காரத்தில் நாம் மௌனமாக இருக்கமாட்டோம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதே தேசத்தில் ஆன்டேரியோ மாகாணத்தில் டேவிட் உல்ஃப் முதலிய அறிஞர்கள் பள்ளிக்கூடத்திற்குள் போனார்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றையும் வெள்ளைக்காரர்கள் மூன்று "ஆர்" என்பார்கள். மனிதனோடு மனிதன் உறவு கொள்வது நான்காவது "ஆர்" என்று இவர்கள் பெயர் வைத்தார்கள். மூன்று பாடத்திலே முதல் மார்க்கு வாங்கியவன் பெண்டாட்டியை அடித்தால் அவன் படிப்பு எவ்வளவு? அந்தக் கேள்விதான் இந்தப் பெயரிலே இருக்கின்றது.

அவர்கள் 20 பள்ளிகளை எடுத்துக் கொண்டார்கள். ஒன்பதாவது வகுப்பு, 14, 15 வயதுப் பிள்ளைகள், மொத்தம் 1,722 பேர். எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டதுபோல் பிரித்தார்கள். நல்ல பள்ளியைத் தங்கள் பக்கம் சேர்த்துக் கொண்டு ஜெயித்தோம் என்று சொல்லுகிற ஜோசியக்காரன் வித்தை இல்லை. ஒரு பக்கத்துப் பள்ளிகளில் உபாத்தியாயர்களுக்குத் தனிப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்து, 21 பாடங்களை 28 மணி நேரத்தில் நடத்தச் சொன்னார்கள். பாடமென்றால் நீதிபோதனை அல்ல. பிள்ளைகளே எழுந்து நின்று நடித்துப் பழகுகிறார்கள்: வேண்டாமென்பதை எப்படிச் சொல்லுவது, வேண்டாமென்று ஒருத்தி சொன்னால் அதை எப்படி ஏற்றுக் கொள்ளுவது, கோபம் வந்தால் என்ன செய்வது, சிநேகிதன் தப்புச் செய்தால் எப்படித் தடுப்பது என்று. மற்றப் பக்கத்துப் பள்ளிகளில்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கின்றது. அங்கேயும் இதே லட்சியந்தான், ஏறக்குறைய இதே விஷயந்தான். ஆனால் உபாத்தியாயருக்குப் பயிற்சியுமில்லை, புத்தகமுமில்லை. அதாவது நம் ஊர் மாதிரி!

இரண்டரை வருஷம் கழித்துக் கேட்டுப் பார்த்தார்கள். பழகும் துணையை அடித்தவர்கள், பயிற்சி இல்லாத பள்ளிகளில் 100-க்கு 9.8 பேர், பயிற்சி பெற்ற பள்ளிகளில் 7.4 பேர். பையன்களை மட்டும் எடுத்துக் கொண்டால் 7.1 பேர் எங்கே, 2.7 பேர் எங்கே! ஆயிரம் பையன்களில் 71 பேர் கை நீட்டிய இடத்தில் 27 பேர் நீட்டினார்கள். பெண் பிள்ளைகளிடத்தில் இவ்வளவு வித்தியாசம் காணவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2009-ல் வெளிவந்த அந்த அறிக்கையிலே செலவும் போட்டிருக்கின்றது. பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் சேர்த்துப் பிள்ளை ஒன்றுக்கு 16 கனடா டாலர். நம் காசுக்குச் சுமார் 1,000 ரூபாய். அந்தத் தேசத்துச் சம்பளத்திலே ஆன செலவு அது. நம் ஊரில் இதைவிடக் குறையுமென்றே எண்ணுகிறோம்.

லட்சியம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், தோழர்களே. வித்தியாசம் உபாத்தியாயருக்குக் கொடுத்த உதவியில் மட்டுமே இருந்தது. "பாடத்திட்டத்தில் சேர்த்து விட்டோம்" என்று சர்க்கார் சொன்னால் நீங்கள் கைதட்டாமல், "நடத்துகிறவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கனடா பணக்கார தேசம், குளிர் தேசம், அவர்கள் பிள்ளைகள் வேறு என்பீர்கள். சரி, அரியானாவுக்கு வாருங்கள். பெண் குழந்தையைக் கருவிலேயே கொல்லுவதற்குப் பேர் போன மாகாணம். 2014 முதல் 2016 வரை அங்கே 4 ஜில்லாக்களில் 314 சர்க்கார் பள்ளிகளை எடுத்து, அதில் 150 பள்ளிகளில் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு 45 நிமிஷ வகுப்பு 27 நடத்தினார்கள். வீட்டு வேலை யார் செய்வது, அக்காள் படிப்பை ஏன் நிறுத்தினார்கள் என்று பிள்ளைகளையே பேச வைத்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, பெண்ணைத் தாழ்வாக எண்ணும் அபிப்பிராயங்கள் குறைந்தன. வகுப்பு முடிந்து இரண்டு வருஷமாகியும் அந்த மாறுதல் நின்றது. பையன்கள் வீட்டு வேலையில் கை கொடுக்க ஆரம்பித்தார்கள். நடத்தையிலே மாறுதல் பெண்களைவிட ஆண்களிடமே அதிகம். இது ஏனென்று உங்களுக்கே தெரியும். பெண் மனம் மாறினாலும் அவள் காலில் கட்டிய கயிறு அப்பன் கையிலல்லவா இருக்கின்றது! ஆனால் ஒன்று. அந்த வகுப்புகளை நடத்தியது பள்ளி உபாத்தியாயர்களல்ல. ஒரு சங்கத்தார் சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆட்கள். சங்கத்தின் பணம் தீர்ந்தால் ஆட்கள் போய்விடுவார்கள். உபாத்தியாயர் அங்கேயே இருப்பார், அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். அதனால்தான் பணம் உங்களிடத்தில் வரவேண்டுமென்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தார் இதற்காக ராயல் கமிஷனே வைத்தார்கள். 2016-ல் அது 227 சிபார்சுகள் செய்தது. சர்க்கார் பள்ளிகளிலெல்லாம் மரியாதையான உறவைப் பற்றிப் பாடம் வேண்டும் என்பது அதில் ஒன்று. 2022-ல் அந்த தேசத்து மத்திய சர்க்கார் இந்தக் கல்விக்கென்று 6 வருஷத்துக்கு 8 கோடியே 35 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள்.

நம் தேசத்திலோ, வளரிளம் பருவக் கல்வி என்று ஒன்று வந்தபோது, 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாகாணங்களில் கலாசாரம் கெட்டுவிடுமென்று தடுத்தார்கள். எந்தக் கலாசாரம்? 100-க்கு 29 பேரை அடிக்கிற கலாசாரமா? அது கெட்டால்தான் என்ன முழுகிவிடும்? "பள்ளிக்கூடத்தில் காதல் சொல்லிக் கொடுக்கிறான்" என்று கூச்சல் போடுகிறவர்கள், கையிலிருக்கும் டெலிபோனில் பிள்ளைகள் என்ன பார்த்துக் கற்றுக் கொள்ளுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோபித்துக் கொள்ளாதீர்கள். கையிலே பிரம்பை வைத்துக் கொண்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடுத்திருந்தும், "அடியாத மாடு படியாது" என்பவர்கள் இன்னும் உங்களில் இருக்கிறார்கள். நம்மை அடித்த உபாத்தியாயர் ஒருவர், நாம் அழுதபோது "பொட்டச்சி மாதிரி அழாதே" என்றார். அடி மறந்து போயிற்று. அந்த வார்த்தை மறக்க வெகு காலமாயிற்று. நாமும் பெண் விடுதலையை மேடையில் பேசிவிட்டு, வீட்டிலே சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்து போனவர்கள்தான். ஒரு நாள் நம் மகள்தான் "மேடைக்கு வேறே அப்பாவா?" என்று கேட்டாள். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், அன்று நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பணம் வந்தால் அது எப்படிப் போகுமென்பதும் நமக்குத் தெரியும். ஒரு நாள் பயிற்சி, காலையில் குத்துவிளக்கு, பதினொரு மணிக்கு வடை, மத்தியானம் ஒருவர் திரையிலே படம் காட்டி வாசிப்பார், சாயங்காலம் கையெழுத்து, போட்டோ. அந்தப் பயிற்சிக்காக நாம் கேட்கவில்லை. உபாத்தியாயர் சில நாள் உட்கார்ந்து தாமே நடித்துப் பழக வேண்டும். அந்த நாட்களில் அவர் வகுப்பைப் பார்க்க வேறொருவருக்குச் சம்பளம் வேண்டும். எமிஸ் பதிவு, தேர்தல் வேலை இவற்றோடு இதையும் ஞாயிற்றுக்கிழமையில் செய் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. பிறகு, பிள்ளை ஒருத்தி வந்து உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் யாரைக் கூப்பிடுவது? 1098 இருக்கின்றது, நம் மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 14417 இருக்கின்றது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. அந்தத் தண்டனையைப் பற்றி உங்களைப் பயமுறுத்தச் சுற்றறிக்கை வருகிறது. சொன்ன பிறகு உங்களையும் அந்தப் பெண்ணையும் காப்பாற்ற யார் வருகிறார்கள்? பக்கத்திலே ஒரு ஆலோசகர், வாரத்தில் ஒரு நாளாவது, சம்பளத்தோடு வேண்டும். மன்றாட்டாய்க் கேட்க வேண்டாம், கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

முதலில் சொன்ன அந்தப் பெண் இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாவதுக்கு வந்து விட்டாள். அந்தத் தோழியரும் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொல்லமாட்டோம். அவர் எழுதிக் கொடுத்த தீர்மானம் அக்கிராசனர் கையில் இருக்கின்றது. அதிலே தொகை எழுத இடம் காலியாக விட்டிருக்கின்றது. ஒரு பள்ளிக்கு என்ன ஆகுமென்று நீங்களே பேசி நிரப்புங்கள். எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் தாராளமாய் எதிர்த்துப் பேசலாம். நாம் கடைசி பஸ்ஸுக்குத்தான் போகிறோம், இருந்து கேட்கிறோம்.